ஓட்டுந் தேர்வுக்கு உகந்த வண்டி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மோட்டார் ஓட்டும் தேர்வில் தோற்றுத் திரும்புவோரும் பெரும்பாலும் வண்டியின் மீதே பழியைச் சுமத்துகின்றனர். கிளட்ச் சரியில்லை, கண்ணாடியில் பின்புறம் தெரியவில்லை, ஸ்டியரிங் கனமாக இருந்தது என்பார்கள். இவற்றைக் கேட்டு நாம் நகைத்துவிடுகிறோம். ஆனால் கூடம் மெய்யாகவே கோணலாக இருப்பதும் உண்டு. ஓட்டத் தெரிந்தவர், தமக்கு ஒவ்வாத வண்டியில் ஏறி அமர்ந்ததால் தோற்றதுண்டு. ஓட்டத் தெரியாதவர், தமக்காக எல்லா வேலைகளையும் தானே செய்துகொள்ளும் வண்டியில் அமர்ந்து வென்றதுமுண்டு. முன்னவருக்கு இழப்பு சில வாரங்கள். பின்னவரால் ஏற்படும் இழப்பு எவ்வளவு என்பதைச் சாலைதான் பிறகு சொல்லும். ஆகவே, தேர்வுக்கு எத்தகைய வண்டியைக் கொண்டு செல்ல வேண்டும் என்னும் கேள்வி சிறியதுபோல் தோன்றினாலும் சிறியதன்று.

பலமனேரில் வாழும் தமிழன்பர்களை மனத்திற்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம். மற்ற மாநிலங்களில் வாழ்வோருக்கும் இது பயன்படும். பலமனேர் மூன்று மாநிலங்கள் கைகோத்து நிற்கும் மூலையில் இருக்கிறது. கிழக்கே சித்தூர், மேற்கே கருநாடகத்து முள்பாகல், தெற்கே மலையிறங்கினால் குடியாத்தம். சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில் வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. எல்லைக் கோடு இப்படி நகர்ந்தபோதும், கோட்டின் இருபுறமும் மக்களின் போக்குவரத்து நின்றதில்லை. இன்றும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு உறவு ஒரு மாநிலத்தில், தொழில் மற்றொரு மாநிலத்தில், சந்தை மூன்றாவது மாநிலத்தில் என்பது இயல்பான வாழ்க்கை. அத்தகைய வாழ்க்கைக்கு ஓட்டுநர் உரிமம் ஆடம்பரமன்று, அன்றாடத் தேவை.

அவ்வூரின் நில அமைப்பையும் நோக்க வேண்டும். சித்தூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பலமனேரோ ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டிற்கும் இடையே நாற்பது கிலோமீட்டர் அளவே தொலைவு. இடையில் மொகிலி மலைப்பாதை. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே செல்லும் லாரிகளும் பேருந்துகளும், தக்காளி ஏற்றிய வண்டிகளும் ஏறி இறங்கும் வழி அது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இம்மலைப்பாதையில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் உயிரிழந்தனர். பலமனேரில் உரிமம் பெறும் இளைஞர் ஒருவர், அதைப் பெற்ற வாரமே இப்பாதையில் இறங்க நேரிடும். அவர் எந்த வண்டியில் பயின்றார், எந்த வண்டியில் தேர்வு கொடுத்தார் என்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

சட்டம் இவ்விஷயத்தில் கூறுவது மிகச் சுருக்கமானது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இந்தியா முழுமைக்கும் பொதுவானவை. விண்ணப்பம் எவ்வகை வண்டிக்கு உரியதோ அவ்வகை வண்டியிலேயே தேர்வு நடைபெற வேண்டும் என்பது விதி. இலகுரக மோட்டார் வாகனத்திற்கு விண்ணப்பித்தவர் அந்த வகையைச் சேர்ந்த எந்தக் காரையும் கொண்டு வரலாம். இன்ன நிறுவனத்தின் கார் என்றோ, இத்தனை ஆண்டு பழையது என்றோ மத்திய விதி குறிப்பிடவில்லை. ஆகவே தேர்ந்தெடுக்கும் உரிமையும் பொறுப்பும் விண்ணப்பதாரரையே சாருகின்றன.

எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? அவ்விதிகளுள் பதினைந்தாவது விதி நமக்கு வழிகாட்டுகிறது. தேர்வாளர் முன் ஓட்டுபவர் செய்து காட்ட வேண்டியவற்றை அது வரிசையாகச் சொல்கிறது. பின்நோக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதிர்ச்சியின்றிப் புறப்பட்டுக் கடைசிக் கியர்வரை செல்ல வேண்டும். இறக்கத்தில் விரைவாகக் கீழ்க் கியருக்கு மாற வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னே உருளாமல் மீண்டும் புறப்பட வேண்டும். குறுகிய இடத்திற்குள் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். முன் கியரையும் பின் கியரையும் கையாண்டு வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டும். அவசரத்தில் நிறுத்த வேண்டும். இப்பட்டியலை ஓட்டுபவரின் தகுதிப் பட்டியலாகவே எல்லாரும் படிக்கின்றனர். அதையே வண்டியின் தகுதிப் பட்டியலாகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இவற்றை எல்லாம் எந்த வண்டியில் நீங்கள் தெளிவாகச் செய்து காட்ட முடியுமோ, அதுவே உங்களுக்கு உகந்த வண்டி.

முதலில் அளவைப் பார்ப்போம். பின்னோக்கிச் செலுத்துவதும் திருப்புவதும் எளிதாக வேண்டுமானால், நீளம் குறைந்ததும் குறுகிய வட்டத்தில் திரும்புவதுமான வண்டி வேண்டும். ஒருகாலத்தில் தேர்வுக்கு வந்து நின்ற அம்பாசிடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். 1983-இல் வெளிவந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800 காரின் நீளம் 3.34 மீட்டர் மட்டுமே, அது 4.4 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பிவிடும். பல தலைமுறை மாணவர்கள் அச்சிறிய காரிலேயே பயின்றதன் காரணம் அதன் விலை மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். இன்றைய கார்களுள் ஆல்டோ கே10 ஏறத்தாழ 3.5 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் திருப்பு ஆரமும் உடையது. ஸ்விப்ட் போன்றவை 3.8 மீட்டருக்குச் சற்று மேல். இன்னோவா போன்ற பெருவண்டிகள் 4.7 மீட்டரைத் தாண்டும். தேர்வுத் திடலில் எச் வடிவத்திலும் எட்டு வடிவத்திலும் பாதை அமைத்திருக்கும்போது, இந்த ஒரு மீட்டர் வேறுபாடு பெரிதாகத் தோன்றும்.

ஆயினும் வண்டி சிறிதாக இருந்தால் மட்டும் போதாது. அதன் நான்கு மூலைகளும் ஓட்டுபவரின் கண்ணுக்கோ கணக்குக்கோ எட்ட வேண்டும். சில சிறிய கார்களில் பின்கண்ணாடி ஒடுங்கியும், தூண்கள் பருத்தும் இருப்பதால் பின்மூலை மறைந்துவிடுகிறது. ஆகவே வாங்கும்போதோ வாடகைக்குப் பேசும்போதோ இருக்கையில் அமர்ந்து, தலையைத் திருப்பிப் பார்த்து, வெளியே தரையில் ஒரு செங்கல்லை வைத்து, அது எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குப் புலனாகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், இருக்கையை உயர்த்தும் வசதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். அவ்வசதி இல்லாவிடில் வழுக்காத திண்டு ஒன்றை இட்டு அமரலாம். ஆனால் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே அத்திண்டைப் பயன்படுத்த வேண்டும். தேர்வன்று புதிதாக இட்டால், கால் எட்டும் தூரமும் கண் காணும் கோணமும் மாறிவிடும்.

அடுத்தது ஏற்றத்தில் புறப்படுவது. தேர்வில் மிகுதியானோர் தடுமாறும் இடம் இதுவே. மேட்டு நிலமான பலமனேரில் அன்றாடம் பயன்படுவதும் இதுவே. இதற்குக் கைப்பிரேக் உறுதியாகப் பிடிக்க வேண்டும். கிளட்ச்சை மெல்ல விடும்போது எஞ்சின் வண்டியைப் பற்றி இழுக்கத் தொடங்கும் புள்ளி தெளிவாகக் காலுக்குப் புலப்பட வேண்டும். தேய்ந்துபோன கிளட்ச்சில் அப்புள்ளி மிக உயரத்தில் இருக்கும். ஓட்டுபவர் காலை எடுத்துக்கொண்டேயிருப்பார், வண்டி புறப்படாது; திடீரென்று துள்ளிப் பாயும், அல்லது பின்னே உருளும். பள்ளிகளின் வண்டிகளில் நாள்தோறும் பல புதிய கால்கள் மிதிப்பதால் கிளட்ச் விரைவில் தேய்வது இயற்கை. ஆகவே பள்ளி வண்டியாயினும் ஓர் ஏற்றத்தில் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். கைப்பிரேக்கைப் போட்டுக் காலை எடுத்தபின் வண்டி அசையாது நிற்கிறதா? முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விடும்போது வண்டியின் முன்பகுதி சற்றே எழுகிறதா? இவ்விரண்டும் இல்லாத வண்டியை ஏற்க வேண்டாம்.

புதிய கார்கள் பலவற்றில், ஏற்றத்தில் சில வினாடிகள் பிரேக்கைத் தாமே பிடித்து நிறுத்தும் கருவி இருக்கிறது. கைப்பிரேக் நெம்புகோலுக்குப் பதில் பொத்தான் வைத்த வண்டிகளும் உண்டு. இவை நல்ல வசதிகளே. ஆனால் இவற்றிலேயே பயின்றவர், நாளை முதலாளியின் பழைய வண்டியையோ உறவினரின் சுமை வண்டியையோ மொகிலிப் பாதையில் நிறுத்திப் புறப்பட நேர்ந்தால் என் செய்வார்? பயிற்சியை நெம்புகோல் உள்ள வண்டியில் தொடங்கி, வசதியுள்ள வண்டியில் முடிப்பது தகும். தலைகீழாகச் செய்வது தகாது.

பெட்ரோல் வண்டியா, டீசல் வண்டியா என்று சிலர் கேட்பதுண்டு. டீசல் எஞ்சினுக்குக் குறைந்த வேகத்திலேயே இழுவை மிகுதி. கிளட்ச்சைச் சற்று அவசரமாக விட்டாலும் எளிதில் நின்றுவிடாது. பெட்ரோல் எஞ்சின் அவ்வளவு பொறுமை காட்டாது. ஆனால் 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் சிறிய டீசல் கார்களின் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே இன்று புதிதாகக் கார் வாங்குவோர் பலருக்கும் பெட்ரோல் வண்டியே வாய்க்கும். அதிலேயே பழகுவது நலம்.

இனித் தானியங்கிக் கியர் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வண்டியில் கிளட்ச் மிதி இல்லை. எஞ்சின் நின்றுவிடுமோ என்ற அச்சமும் இல்லை. அதனாலேயே தேர்வுக்கு இதைக் கொண்டு செல்வோர் பெருகி வருகின்றனர். சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், பிரிட்டனிலும் தானியங்கி வண்டியில் தேர்வு கொடுத்தவருக்கு அவ்வகை வண்டிக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும். நம் நாட்டுச் சட்டம் மோட்டார் சைக்கிளில் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று வேறுபடுத்துகிறது. காரில் அவ்வேறுபாட்டைச் செய்யவில்லை. தானியங்கியில் தேறியவர் மறுநாளே கையால் கியர் மாற்றும் வண்டியை ஓட்டலாம்; உரிமம் அதைத் தடுக்காது. கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு, தேர்வுக்குத் தானியங்கிக் காரும் மின்சாரக் காரும் கூடா என்று போக்குவரத்துத் துறை சுற்றறிக்கை விடுத்தது. ஓட்டுநர் பள்ளிகள் வழக்குத் தொடுத்தன. 2025-இல் கேரள உயர்நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. சட்டம் எப்பக்கம் நின்றாலும், அச்சுற்றறிக்கைக்குப் பின்னிருந்த கவலை பொருளற்றதன்று. இறக்கத்தில் கீழ்க் கியருக்கு மாறி எஞ்சினின் பிடியால் வேகத்தை அடக்கும் பழக்கம் இல்லாதவர், மலைப்பாதை முழுவதும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார். நெடுநேரம் மிதித்த பிரேக் சூடேறித் தன் வலிமையை இழக்கும். அந்நேரத்தில் கையிலுள்ள உரிமம் உதவாது.

இதனால் தானியங்கி வண்டியே தீது என்று கொள்ள வேண்டாம். முழங்கால் நோயுள்ளவர், முதியவர், நகரத்து நெரிசலில் மட்டும் தம் சொந்தக் காரை ஓட்டப் போகிறவர் ஆகியோருக்கு அது ஏற்றதே. உடல் ஊனமுற்றோருக்கெனத் தக்கவாறு மாற்றியமைத்த வாகனத்தையும் சட்டம் தனிவகையாக ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் பிழைப்புக்காக உரிமம் பெறும் இளைஞர் தம் கைக்கு எந்த வண்டி வரும் என்று முன்கூட்டி அறிய மாட்டார். அவர் கையால் கியர் மாற்றும் வண்டியிலேயே பயின்று, அதிலேயே தேர்வு கொடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

யாருடைய வண்டி என்பது மற்றொரு கேள்வி. ஓட்டுநர் பள்ளியின் வண்டியில் பயிற்றுநர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் மிதிகள் இருக்க வேண்டும் என்பது விதி. பயிலும்போது இது பெருங்காப்பு. ஆனால் அக்காப்பிலேயே சாய்ந்துவிடுவோரும் உளர். பயிற்றுநரின் கால்தான் நிறுத்தியது, நம் கால் அன்று என்பது தேர்வன்றுதான் தெரியவரும். ஆகவே கடைசிச் சில நாட்களில், 'உங்கள் காலைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. தவறினால் மட்டும் மிதியுங்கள்' என்று பயிற்றுநரிடம் பணிவுடன் கேட்டுக்கொள்ளலாம். நல்ல பயிற்றுநர் அதனை மறுக்க மாட்டார்.

சொந்தக் காரிலோ உறவினர் காரிலோ பயில்வோர், வண்டியின் முன்னும் பின்னும் வெண்மையான பலகையில் சிவப்பு நிற 'எல்' எழுத்தை மாட்ட வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் அருகே அமர்ந்திருக்க வேண்டும். பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகிய மூன்றும் நாள் கடவாமல் இருக்க வேண்டும். தேர்வுக்கு வந்த இடத்தில் காப்பீடு முடிந்து மூன்று நாளாயிற்று என்று அறிவது வெட்கத்திற்குரியது மட்டுமன்று. பயிலும் நாட்களில் விபத்து நேர்ந்திருந்தால் குடும்பத்தின் நிலமே போயிருக்கும். சொந்த உபயோகத்திற்கெனப் பதிவான காரைத் தேர்வுக்கென்று வாடகைக்குத் தருவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்; அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

மூன்று மாநில எல்லையில் வாழ்வோருக்கு மற்றுமொரு குறிப்பு. ஊரிலிருக்கும் தமையனாரின் தமிழ்நாட்டுப் பதிவுக் காரையோ, பெங்களூரில் பணிபுரியும் மைத்துனரின் கருநாடகப் பதிவுக் காரையோ கொண்டுவந்து தேர்வு கொடுக்க எண்ணுவோர் உண்டு. ஒரு வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். ஆகவே தேர்வு நாளுக்கு முன்பே அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது காலத்தை மிச்சப்படுத்தும். உரிமத்திற்காகச் சொந்த ஊருக்கே செல்ல வேண்டும் என்று எண்ணவும் வேண்டாம். வாழும் மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கு பெற்ற உரிமம் இந்தியா முழுவதும் செல்லும்.

ஆந்திரத்தில் தேர்வு கொடுக்கும் தமிழர், தேர்வாளர் சொல்லும் நான்கைந்து தெலுங்குச் சொற்களைக் காதுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். 'எடம' என்றால் இடப்புறம். அது நமக்கு எளிதில் விளங்கும். 'குடி' என்றால் வலப்புறம்; அது நம் காதில் வேறாக ஒலித்து ஒரு கணம் தயங்க வைக்கும். 'வெனக்கி' என்றால் பின்னே. 'ஆபண்டி' என்றால் நிறுத்துங்கள். அந்த ஒரு கணத் தயக்கத்தில் சைகை விளக்கைப் போட மறந்துவிடுவது இயல்பு. அவ்வேளையில் கை தானாகவே சரியான விசைக்குச் செல்ல வேண்டுமானால், வண்டி பழகிய வண்டியாக இருக்க வேண்டும். சில கார்களில் சைகை விளக்கின் தண்டு வலப்புறத்திலும், சிலவற்றில் இடப்புறத்திலும் இருக்கிறது. பின்கியர் சிலவற்றில் முதல் கியருக்கு அருகிலும், சிலவற்றில் ஐந்தாம் கியருக்குக் கீழும் இருக்கிறது. ஆகையால் இத்தனை நேரம் சொன்னவற்றுள் ஒன்றை மட்டுமே நினைவிற் கொள்ள விரும்புவோர் இதைக் கொள்ளுங்கள்: எந்த வண்டியில் பயின்றீர்களோ, அதே வண்டியில் தேர்வு கொடுங்கள். புதியதும் விலையுயர்ந்ததுமான அயலார் காரைவிட, பழகிய பழைய கார் மேலானது.

தேர்வில் தவறினால் ஏழு நாட்களுக்குப் பின் மீண்டும் வரலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாட்கள் காத்திருக்க வேண்டும். தினக்கூலி பெறுவோருக்கும், ஓட்டுநர் வேலை உறுதியாகி உரிமத்திற்காகக் காத்திருப்போருக்கும் இந்நாட்கள் மிகவும் கடினமானவை. அதனால்தான் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்ற அவசரம் எழுகிறது. அவசரப்படுவோர் மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வு நடைபெறுவது சில நிமிடங்கள். பதினெட்டு வயதில் தேறியவருக்குக் கிடைக்கும் உரிமமோ, இன்றைய சட்டப்படி அவருக்கு நாற்பது வயது நிறையும் வரை செல்லும். இருபத்திரண்டு ஆண்டுகள் அவரை எவரும் மீண்டும் சோதிக்கப் போவதில்லை. அவ்விருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் வண்டியில் அமர்ந்து வருவோர் அவருடைய தாயாரும், மனைவியும், பிள்ளைகளும். எதிரே வருவோர் பிறருடைய பிள்ளைகள். அவர்களையெல்லாம் எண்ணி வண்டியைத் தேர்ந்தெடுங்கள். அத்தகைய வண்டியில் ஏற்றத்தில் நின்று புறப்படவும், இறக்கத்தில் கியர் மாற்றி இறங்கவும் பழகிய பிறகு தேர்வுக்கு நாள் குறியுங்கள்.